செக்கச்செவேல்னு எதைச் சொல்றது, பளிச்னு எதைச் சொல்றது?

தங்கச்சி, உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அடுப்புல குழம்பு கொதிக்குது, கையில போன் அடிக்குது. ஆனாலும் ஒரு பத்து நிமிஷம் உட்காரு. நிறத்தைச் சொல்றதுல நீங்கள்லாம் பண்ற அநியாயத்தை இனிமே பாத்துக்கிட்டு இருக்க முடியாது. புடவைக்காரருக்குப் போன் போட்டு "நல்லா பளிச்னு ஒரு கலர் அனுப்புங்கண்ணே"ன்னு சொல்றது. வந்ததும் "ஐயோ, கண்ணைக் குத்துதே"ன்னு அலர்றது. பிள்ளைக்குக் கட்டுரை சொல்லிக் குடுத்தா வயலும் பச்சைப்பசேல், மலையும் பச்சைப்பசேல், சிமென்ட் தூசி படிஞ்ச ரோட்டோரப் புளியமரமும் பச்சைப்பசேல்!

செக்கச்செவேல், பச்சைப்பசேல் எல்லாம் கனமான சொல்லு. "முழுசா அந்த நிறம்தான், சந்தேகமே இல்லை"ன்னு அடிச்சுச் சொல்றதுக்கு வச்சிருக்கிறது. அதை உண்மையிலேயே அப்படி இருக்கிற பொருளுக்கு மட்டும் செலவு பண்ணு. காசு கைமாறுற இடத்துல அதை நம்பாதே, வேற சொல்லு இருக்கு. எது எங்கேன்னு கீழே சொல்றேன்.

1. நாலு சொல்லை நம்ம ஊர் மண்ணுல வச்சுப் பழகு

பெரம்பலூர், அரியலூர்க்காரிக்கு இதுல சாக்கே கிடையாது. 2007லேருந்து நிலையா ரெண்டு மாவட்டம் ஆயிட்டோம், இருந்தாலும் இந்த நாலு நிறத்தையும் ஒரு பஸ் பயணத்துல பாத்துடலாம்.

- கன்னங்கரேல்: மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலைப் பாரு. செருப்புல அப்பிக்கிட்டு வரும் பாரு, அதான் கன்னங்கரேல். அதே மண்ணு சித்திரையில சாம்பல் பூத்து, பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். அப்போ அதுக்கு இந்தச் சொல்லு செல்லாது. "கரிசல்னாலே கறுப்புதானே"ன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதாதே.
- வெள்ளைவெளேர்: முழுசா வெடிச்சு நிக்கிற பருத்தி. அதுவும் மழையில நனையாதது. நனைஞ்சா மஞ்சள் தட்டிடும், பேரு போயிடும்.
- பச்சைப்பசேல்: மழை கிடைச்ச புரட்டாசி, ஐப்பசியில முழங்கால் உயரத்துக்கு நிக்கிற மக்காச்சோளம். தமிழ்நாட்டுல மக்காச்சோளம்னா முதல்ல பேசப்படுற மாவட்டங்கள்ல நம்ம பெரம்பலூரும் ஒண்ணு, அதனால இதுக்கு உதாரணம் தேடி நீ தஞ்சாவூர் போக வேண்டாம். கதிர் முத்திப் பயிர் காஞ்சதும் அந்தக் காடே வைக்கோல் நிறம் ஆயிடும்.
- செக்கச்செவேல்: ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண். வெள்ளை வேட்டியோட போய்ட்டு வந்தவரைக் கேளு, சொல்லுவார்.

நாலுலயும் ஒரு சங்கதி பொது. நிறம் கலப்பில்லாம, ஒரே சீரா, பரந்து கிடக்கணும். சின்னப் புள்ளிக்கும் கோட்டுக்கும் இதைச் சொன்னா எடுபடாது. "செக்கச்செவேல்னு ஒரு பொட்டு"ன்னு சொல்லிப் பாரு, பொட்டு சின்னது, சொல்லு பெருசு. "ரத்தச் சிவப்புல ஒரு பொட்டு"ன்னா உட்காரும்.

காரை பக்கம் போனவங்க அந்த ஓடை ஓடையா அரிச்ச மேட்டைப் பாத்துட்டு "செக்கச்செவேல்னு இருந்துச்சு"ன்னு வந்து கதை விடுறாங்க. அது துருவேறின பழுப்பு, நடுநடுவுல மங்கின மஞ்சள். காவின்னு சொல்லு, சரியா இருக்கும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால கடல் கிடந்த இடம் அது. அதைப் பாக்கப் போறவங்க கண்ணைத் திறந்து பாத்தா என்ன?

2. "ரொம்ப", "கொஞ்சம்" ரெண்டையும் பக்கத்துல விடாதே

"ரொம்ப செக்கச்செவேல்னு", "மிகவும் வெள்ளைவெளேரென்று" இதெல்லாம் உப்புப் போட்ட குழம்புல மறுபடி உப்புப் போடுறது. ரொம்பங்கிறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. "கொஞ்சம் பச்சைப்பசேல்னு" அதைவிட மோசம். கொஞ்சம்னா அது பச்சைப்பசேலே கிடையாது. வெளிர்பச்சை, இளம்பச்சை, பச்சை ஓடின மாதிரின்னு சொல்லிட்டுப் போ.

3. எழுதும்போது வாலை வெட்டாதே

இந்தச் சொல்லுக்கெல்லாம் பின்னால "என்று", "என", "என்ற" வரணும். பேச்சுல "னு" போதும். "பச்சைப்பசேலான வயல்"னு எழுதுறது காதுக்கு இடிக்கும், "பச்சைப்பசேலென்ற வயல்"னு எழுது. செவேல், செவேர் ரெண்டும் வழக்குல உண்டு. பசேல், பசேர் அதே மாதிரிதான். எதை எடுத்தாலும் ஒரே பக்கத்துல மாத்தி மாத்திப் போடாதே.

ஒற்று: பச்சைப்பசேல், செக்கச்செவேல். வெள்ளைவெளேர்ல ஒற்று வராது, வகரம் வல்லினம் இல்லை. அவ்வளவுதான் இலக்கணம், பயப்படாதே.

4. மஞ்சளுக்கு அரைகுறை, நீலத்துக்கு ஒண்ணும் இல்லை

"மஞ்சமஞ்சேர்னு" பேச்சுல சொல்றாங்க, சொல்லலாம். நாலு பேர் படிக்கிற இடத்துல எழுதுறதுக்கு அது அவ்வளவு நிக்காது. "மஞ்சள் பூத்த மாதிரி", "பழுத்த மஞ்சள்", "மாம்பழ மஞ்சள்"னு போ. நீலத்துக்கு இந்த மாதிரி அடுக்கு நம்ம வாயில ஓடுறதே இல்லை. புதுசா நீயா ஒண்ணைக் கட்டாதே, கேக்கிறவங்க சிரிப்பாங்க. கருநீலம், வான்நீலம், சங்குப்பூ நீலம். போதும்.

அப்புறம் இந்த ஊதா. இதுல சண்டையே வரும். சில வீட்டுல ஊதான்னா கத்தரிப்பூ நிறம். சில வீட்டுப் பெரியவங்களுக்கு ஊதான்னா நீலம்தான். "ஊதாக் கலர்ல ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னு மாமியார் சொன்னா, கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னால "கத்தரிப்பூவா அத்தை, மை நீலமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ. பஸ் காசு மிச்சம்.

5. பளிச், பளபள, தகதக, மினுமினு, பளீர்: ஒண்ணு இடத்துல இன்னொண்ணு வராது

அதிகம் தப்பு நடக்கிறது இங்கதான். அதனால நிதானமாப் படி.

*பளிச்:* அழுக்கு இல்லாம, தெளிவா, கண்ணுக்கு உடனே படுறது. தேய்ச்சுக் கழுவின முகம் பளிச். வெளுத்து வந்த சட்டை பளிச். துலக்கின வாசல் பளிச். நிறத்துக்கும் சொல்லலாம், ஆனா எந்த நிறம்னு அது சொல்லாது. "பளிச்னு ஒரு கலர்"னா புடவைக்காரருக்கு எலுமிச்சை மஞ்சளும் பளிச், கிளிப்பச்சையும் பளிச், ரோஸும் பளிச். அவர் கையில விக்காம கிடக்கிறது எதுவோ அதை அனுப்புவார். அவர் மேல தப்பு சொல்லாதே.

*பளபள:* இது நிறமே இல்லை, மேல்பரப்பு. எண்ணெய் பூசின மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. புளி போட்டு விளக்கின பித்தளைக் குடம், புதுக் கத்தரிக்காய், பட்டு. கைத்தறிப் பருத்திச் சேலையைப் பளபளன்னு யாராவது வித்தா கொஞ்சம் சந்தேகப்படு. பருத்தி பளிச்னு இருக்கும், பளபளன்னு இருக்காது. பாலியஸ்டர் கலந்திருக்கலாம், இல்லேன்னா கஞ்சி போட்டு மெருகேத்தியிருக்கலாம். ஒரு தண்ணி பட்டதும் மெருகு போயிடும்.

*தகதக:* தங்கம், கங்கு, கோடை உச்சி வெயில். சூடும் சேந்து இருக்கணும். நிழல்ல இருக்கிற எதுக்கும் இதைச் சொல்லாதே.

*மினுமினு:* விட்டுவிட்டு மின்னுறது. சரிகைப் புட்டா, மூக்குத்தி.

*பளீர்:* திடீர்னு அடிக்கிற வெளிச்சம். மின்னல், டார்ச். நின்னு எரியிற பல்பு பளீர்னு எரியாது, போட்ட நிமிஷம் மட்டும்தான் பளீர். கன்னத்துல விழுறது பளார். அதை இங்க குழப்பிக்காதே.

6. பாராட்டும் சொல்லு எது, குத்தும் சொல்லு எது

நாத்தனார் புதுப் புடவை கட்டிட்டு வந்து நிக்கிறா. "எடுப்பா இருக்கு"ன்னு சொல்லு. நிறம் அவளுக்குப் பொருந்தி, அவளை முன்னால கொண்டு வருதுன்னு அர்த்தம். "கலர் தூக்கலா இருக்கு"ன்னா பாதிப் பாராட்டு, பாதிக் குறை, குரலைப் பொறுத்தது. "அடிக்கிற கலர்"னா குறைதான். "கண்ணைப் பறிக்குது" நல்ல வார்த்தை, "கண்ணைக் குத்துது" சண்டைக்கான வார்த்தை. ரெண்டுக்கும் நடுவுல ஒரே வினைச்சொல்தான் வித்தியாசம், நாக்கு தவறிடாம பாத்துக்கோ.

பிடிக்கலைன்னா? "வித்தியாசமா இருக்கு"ன்னு இழுக்காதே, எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு அந்தத் தந்திரம். "கரை நல்லாருக்கு"ன்னு கரையைப் பாராட்டிட்டு உள்ளே போயிடு.

7. வாங்கும்போது பொருள் பேரால நிறத்தைச் சொல்லு

செக்கச்செவேலும் பளிச்சும் தறிக்காரருக்கு உதவாது. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் பட்டுத் தறி ஓடுற வீடுகள் இன்னமும் இருக்கு. நெய்யச் சொல்லிக் குடுக்கப் போனா அவங்க கேக்கிறது உடம்பு என்ன, கரை என்ன, முந்தி என்னங்கிறதுதான். பதில் இப்படி இருக்கணும்:

- சிவப்புல: அரக்கு, மிளகாய்ப்பழம், குங்குமம், செங்கல். அரக்குன்னா கறுப்பு ஓடின ஆழச் சிவப்பு. மிளகாய்ப்பழம் அதைவிடத் துடியானது. கல்யாணத்துக்கு அரக்குன்னு முடிவு பண்ணிட்டு வாயில மட்டும் "நல்ல சிவப்பு"ன்னு சொன்னா குங்குமக் கலர் வந்து நிக்கும்.
- பச்சையில: கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை. ராமர் பச்சைன்னு கேட்டா கடைக்குக் கடை வேற காட்டுவாங்க, கண்ணால பாக்காம பணம் கட்டாதே.
- மஞ்சள்ல: மாம்பழம், எலுமிச்சை, சந்தனம், தேன்.
- மெல்லிய ரோஸ்ல: வெங்காயச் சருகு. நம்ம செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைப் பட்டறையிலேருந்து எடுக்கிறப்போ கையில ஒட்டுற தோலு இருக்கு பாரு, அந்த நிறம். ஊர்ப் பேரைச் சொல்லிக்கிற மாதிரி ஒரு கலர் கட்டணும்னா இதைக் கட்டு. மாநிறத்துக்கு அவ்வளவு எடுப்பா இருக்கும்.
- நீலத்துல: எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து குடுத்த நீலம், அந்த அம்மா பேராலேயே நின்னுபோச்சு. பட்டுக்கடையில பழகின ஆளுங்ககிட்ட இந்தப் பேரு போதும், விளக்கம் வேண்டாம்.
- மயில் கழுத்து: இது ஒரு நிறம் இல்லை, ரெண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாப் போறதால மடிப்பு திரும்புற பக்கம் வேற காட்டும். அதனால மயில் கழுத்துக்கு மேட்சிங் பிளவுஸ் தேடி நாலு கடை ஏறாதே. புடவையோட வர்ற துண்டையே தைச்சுக்கோ, இல்லேன்னா கரை நிறத்துல எடு.

8. வாசலுக்கு எடுத்துட்டு வா

கடைக்குள்ள எரியிற விளக்குல எந்த நிறமும் பளிச்தான். அதுக்குத்தானே அந்த விளக்கு. கூச்சப்படாம புடவையை வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய் பகல் வெளிச்சத்துல பாரு. நம்ம அப்பத்தாக்கள் எல்லாம் அப்படித்தான் பாத்தாங்க. முந்தியை விரிச்சு வெயில்ல ஒரு தடவை, நிழல்ல ஒரு தடவை. அரக்கு உள்ளே கறுப்பாத் தெரிஞ்சு வெளியே வந்தா சிவக்கும், அது சரி. கறுப்பை உள்ளே கருநீலம்னு நினைச்சு வாங்கிட்டு வந்து மங்கல காரியத்துக்கு எப்படிக் கட்டுறதுன்னு முழிச்சவங்க உண்டு.

போன்ல படம் பாத்து வாங்கினா: "ஃபில்டர் போடாம, வெளியில வச்சு, பக்கத்துல ஒரு வெள்ளைத் துணியோட படம் அனுப்புங்க"ன்னு கேளு. அந்த வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சா மத்த நிறமும் ஓரளவு நம்பலாம். வெள்ளையே மஞ்சளாத் தெரிஞ்சா புடவையும் பொய் சொல்லுது.

9. சாயம்: வீட்டுக்கு வந்ததும் ஒரு நிமிஷ வேலை

வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சுப் புடவையோட உள்மடிப்பு ஓரத்துல அழுத்தித் தேய். ஒட்டினா தனியா அலசு, நாலஞ்சு தடவைக்கு. ஆழச் சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஓடும். புரட்டிப் போட்டு நிழல்ல காயவை. நேர் வெயில்ல காஞ்ச செக்கச்செவேல் ஒரே வருஷத்துல செங்கல் கலர் ஆயிடும்.

10. சாப்பிடுற பொருள் பளிச்னு இருந்தா முதல்ல பயப்படு

துணியில மெச்சிக்கிற அதே துடிப்பு மளிகையில இருந்தா கையை எடு. "செக்கச்செவேல்னு இருக்கு பாருங்க"ன்னு மிளகாய்த்தூளை விக்கிறவர் உன் கண்ணுக்கு விக்கிறார், நாக்குக்கு இல்லை.

- மிளகாய்த்தூள்: கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சு மேலாகத் தூவு. தூள் இறங்குறதுக்கு முன்னாடியே சாயம் கோடு கோடா இறங்கினா செயற்கைச் சாயம்.
- மஞ்சள்தூள்: இதே சோதனைதான். நல்லது அடியில தங்கும்போது தண்ணி லேசா மஞ்சள் காட்டும். தண்ணி முழுக்கக் கடும் மஞ்சளா மாறினா வேண்டாம். சுலபமான வழி, விரலி மஞ்சளா வாங்கிக் காயவச்சு மில்லுல அரைச்சுக்கோ.
- பச்சை மிளகாய், பாகற்காய்: பஞ்சை எண்ணெய்ல தொட்டுத் தோலைத் தேய். பஞ்சு பச்சை ஆனா, அது பச்சைப்பசேல் இல்லை, பூசின பச்சை.
- பட்டாணி: ஊறவை. தண்ணி பச்சையா மாறினா கொட்டிடு.
- பஞ்சு மிட்டாய்: 2024 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு தடை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? துணிக்குப் போடுற ரோடமின்-பி சாயம் அதுல இருந்துச்சு. திருவிழாவுல பிள்ளை அழுதாலும் அந்தக் கண்ணைப் பறிக்கிற ரோஸ்ல எதுவும் வாங்காதே.

11. மனுஷங்க தோலுக்கு இந்தச் சொல்லுகளைப் போடாதே

இங்கதான் உன்னைத் திட்டப் போறேன். தமிழ்ல ஆளைப் பத்திப் பேசும்போது "சிவப்பு"ன்னா வெளுப்பான நிறம். "பொண்ணு செக்கச்செவேல்னு இருக்கா"ன்னா யாரும் மிளகாய்ப்பழத்தை நினைக்கிறதில்லை. சரி, அது வழக்கு. ஆனா அதே வாயால, கரிசக்காட்டு வெயில்ல நின்னு களை எடுத்து நம்மளை வளத்தவங்களோட பேத்தியைப் பாத்து "கன்னங்கரேல்னு பொறந்திருக்கே"ன்னு தொட்டில் பக்கத்துல நின்னு சொல்றீங்க. அந்தப் பிள்ளைக்குக் காது இருக்கு. நாலு வயசுல புரியும், நாப்பது வயசு வரைக்கும் மறக்காது.

மண்ணுக்குக் கன்னங்கரேல்னா அது பெருமை, விளைச்சல். ஆளுக்குச் சொன்னா அது ஏச்சு. சொல்லு ஒண்ணுதான், போய் விழுற இடம்தான் வேற. சொல்லியே ஆகணும்னா "மாநிறம்", "கறுப்பு"ன்னு சாதாரணமாச் சொல்லு, இழுக்காதே, "ஆனா களையா இருக்கா"ன்னு ஆறுதல் பரிசும் குடுக்காதே. அந்த "ஆனா"தான் வலிக்கும். வரன் பாக்க எழுதிக் குடுக்கிற ஜாதகக் குறிப்புல நிறம்னு ஒரு வரி போடுறதையே நிறுத்தினா என்னன்னு எனக்குத் தோணுது. போட்டோதான் வச்சிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு?

"வெள்ளை"யும் பாத்துப் பேசு. உடம்புக்கு வெள்ளைன்னா நல்லதா எடுத்துக்க மாட்டாங்க. "வெளுத்துப் போயிட்டே"ன்னா ரத்தம் குறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம்.

12. நிறமே இல்லாத இடத்துலயும் இந்தச் சொல்லு வரும்

"அவர் முகம் கறுத்துப் போச்சு", "கண்ணு சிவந்துடுச்சு". இது கோபம். நேத்து வந்த பேச்சு வழக்கு கிடையாது. கறுப்பும் சிவப்பும் கோபத்தைக் குறிக்கும்னு தொல்காப்பியத்துலயே, உரியியல்ல இருக்கு. அதனால "மாமா முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு"ன்னு சொல்லும்போது கேக்கிறவங்க கோபம்னு எடுத்துக்குவாங்களா, வெயில்னு எடுத்துக்குவாங்களான்னு யோசிச்சுக்கோ. சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்லும்போது இன்னும் நல்லா யோசிச்சுக்கோ.

பச்சை இன்னொரு குழப்பம். பச்சைத்தண்ணி, பச்சைக்குழந்தை, பச்சை உடம்புக்காரி, பச்சைப் பொய். இதுல எதுவும் இலை நிறம் இல்லை. காய்ச்சாதது, பக்குவப்படாதது, கலக்காதது. "பச்சையாப் பேசுறான்"னா அசிங்கமாப் பேசுறான். வெளிநாட்டுல வளர்ற பேரப்பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்துடு, இல்லேன்னா பச்சைத்தண்ணி எங்கேன்னு ஃப்ரிட்ஜுல தேடும்.

13. பிள்ளைங்க கட்டுரைக்கு

முதல்ல எழுத்து. சிவப்புன்னு எழுதச் சொல்லு, சிகப்பு பேச்சோட இருக்கட்டும். கருமை, கரிய, கருங்குயில் இதெல்லாம் இடையின ர. கறுப்பு, கறுத்தது வல்லின ற. கருப்புன்னும் நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா பழைய வழக்குல அதுக்குப் பஞ்சம்னும் ஒரு பொருள் உண்டு. பரீட்சையில கறுப்புன்னு எழுதினா யாரும் மார்க்கு குறைக்க முடியாது.

அடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு செக்கச்செவேல்தான். மத்த இடத்துல பாத்ததை எழுதச் சொல்லு. பருத்திப் பூ காலையில வெளிர்மஞ்சளா விரியும், மறுநாள் ரோஸாத் திரும்பிடும். இதை ஒரு வரியா எழுதினா, நாலு பச்சைப்பசேலை விட வாத்தியாருக்குப் பிடிக்கும். சாத்தனூர் கல்மரத்துக்குச் சுற்றுலா போய்ட்டு வந்து "பச்சைப்பசேலென்ற மரம்"னு எழுதுற பிள்ளையும் இருக்கு! 1940ல நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அந்த மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் படுத்துக் கிடக்குது, அதுல பச்சை எங்கேயிருந்து வரும்? கிட்டப் போய் அந்தக் கல்லுல நார் ஓடின மாதிரி இருக்கிற கோட்டையும் அது என்ன நிறம்னும் பாத்து எழுதச் சொல்லு.

சந்தேகம் வந்தா அகராதியைத் திறக்கச் சொல்லு, உன்னைக் கேக்க வேண்டாம், உனக்கு வேலை இருக்கு. அகராதின்னதும் தூரத்துச் சமாச்சாரம்னு நினைக்காதே. நம்ம அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில அடைக்கல மாதா கோயிலோட சேந்து பேசப்படுற வீரமாமுனிவர்தான் 1732ல சதுரகராதியை எழுதினவர். அதுக்கு முன்னாடி நிகண்டுன்னு செய்யுளா மனப்பாடம் பண்ணணும். அகர வரிசையில புரட்டிப் பாத்துக்கிற சௌகரியத்தோட அவர் இதை எழுதினார். பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பகுதி, அதான் சதுர். இப்போ சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இணையத்துலயே இலவசமாக் கிடைக்குது. ஒரு குறுக்கு வழி: இந்த மாதிரி ஒலிக்குறிப்புச் சொல்லைத் தேடும்போது கடைசியில "எனல்" சேத்துத் தேடு. பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பாங்க.

14. பருத்தி விக்கப் போறவங்களுக்கு ஒரு வரி

"எங்க பருத்தி எல்லாம் வெள்ளைவெளேர்னு இருக்குங்க"ன்னு விற்பனைக்கூடத்துல வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மூட்டையில கை விட்டுப் பாப்பாங்க. கறை பட்டதையும் நனைஞ்சதையும் எடுக்கும்போதே தனிப் பையில போடு. நல்லதோட கலந்தா மொத்தமும் அந்த விலைக்குத்தான் போகும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்தா காஞ்ச சருகு நொறுங்கி ஒட்டாது, வெள்ளை வெள்ளையாவே நிக்கும்.

15. டாக்டர்கிட்ட அலங்காரம் வேண்டாம்

"கண்ணு மஞ்சமஞ்சேர்னு இருக்கு டாக்டர்"னா அவர் பதறுவார், இல்லேன்னா நம்ப மாட்டார். "வெள்ளை முழி லேசா மஞ்சளாத் தெரியுது, ரெண்டு நாளா, மூத்திரமும் கடும் மஞ்சள்"னு சொல்லு. எங்கே, எத்தனை நாளா, எவ்வளவு. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, குழந்தையோட உதடு நீலம் பாரிச்சாலோ சொல்லு தேடிக்கிட்டு நிக்காதே, வண்டியை எடுக்கச் சொல்லு.

16. சொல்லே உதவாத ரெண்டு வேலை

மேட்சிங் பிளவுஸ், ஃபால்ஸ் வாங்கப் போறப்போ நிறத்தை விளக்காதே. புடவையின் ஓர நூல் ரெண்டு இழை உருவி, ஒரு வெள்ளைத் தாள்ல செல்லோடேப் போட்டு ஒட்டி, கீழே "அக்கா கல்யாணப் புடவை, கரை"ன்னு எழுதிப் பர்ஸுல வச்சுக்கோ. கடைக்காரர் அதைக் கட்டு மேல வச்சுப் பாத்துக் குடுத்துடுவார்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது "லைட் பச்சை"ன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடாதே. ஷேட் கார்டுல நம்பரைப் பாத்து எழுதிக் குடு. வாங்கினதும் முழுச் சுவருக்கும் அடிக்க விடாதே, கதவுக்குப் பின்னால ஒரு முழத்துக்கு அடிச்சு, காஞ்சதும் காலையில ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவை பாரு. ஈரத்துல தெரியிற நிறம் காஞ்சா நிக்காது. பெயிண்டர் அவசரப்படுத்துவார், "ஒரு நாள் பொறுங்கண்ணே"ன்னு சொல்லி டீ போட்டுக் குடு.